அப்பாவோட வீட்டு ரிப்பேர் கடைக்கு பவர் எழுதணும், எதைச் சேர்க்கலாம் எதை விடணும்?

அருவங்காட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர்ல எங்க அப்பா சின்னதா வீட்டு ரிப்பேர் தொழில் பண்றாரு. ஓடு மாத்துறது, தகரக் கூரை ஒழுகல், பைப், வயரிங், சிம்னி சுத்தம் பண்றது, மழையில சரிஞ்ச தடுப்புச்சுவரை திரும்பக் கட்டுறது, காட்டெருமை இடிச்ச வேலியை நிமித்துறது வரைக்கும் எல்லாம். ஒரு மேஸ்திரி, கொத்தனார், ஆசாரி நிரந்தரமா இருக்காங்க, பிளம்பர் கூப்பிட்டா வருவாரு. கடை அப்பா ஒருத்தர் பேர்லதான். ஜிஎஸ்டி, கரண்ட் அக்கவுண்ட், ஹார்டுவேர் கடையில கடன் கணக்கு எல்லாமே அவர் பேரு. கணக்கு எழுதுறது நான், கையெழுத்து அவரு.

அடுத்த மாசம் அப்பாவுக்கு கோயம்புத்தூர்ல முதுகுத்தண்டு ஆபரேஷன். முடிஞ்சதும் சில மாசம் அத்தை வீட்லயே இருக்கணும், மலை ரோட்டு வளைவுல எல்லாம் உக்காந்து வரக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. எங்க பக்கம் ஐப்பசி மழைதான் பெருசுன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், அதுக்கு முன்னாடி கூரை வேலை எல்லாம் முடிச்சாகணும், அட்வான்ஸ் வாங்கின வீடுங்க இருக்கு, கடையை மூட முடியாது. அதனால என் பேருக்கு பவர், அதாவது அவர் சார்பா நான் கையெழுத்து போட அதிகாரப் பத்திரம், எழுதிடலாம்னு அப்பா சொல்றாரு.

டைப் அடிக்கிற இடத்துல ஒரு ரெடிமேட் பொது அதிகாரப் பத்திரம் குடுத்தாங்க. வாசிச்சா "எனது பெயரிலுள்ள அசையும் அசையாச் சொத்துக்கள் அனைத்தையும் நிர்வகிக்கவும், விற்கவும், அடமானம் வைக்கவும், கடன் பெறவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்"னு போகுது. ஓடு மாத்துறதுக்கு இது எதுக்கு? அப்பா "என் பொண்ணுக்குத்தானே குடுக்குறேன், அப்படியே இருக்கட்டும்"ங்கறாரு. சித்தப்பா "சைட்ல நிக்கறது நானு, என் பேரையும் போடு"ங்கறாரு. ரெண்டு பேர் பேரைப் போட்டா யார் கையெழுத்து செல்லும்?

இன்னொண்ணும் இருக்கு. பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பழைய பங்களா, ஓனர் சிங்கப்பூர்ல இருக்காரு. கூரை முழுக்க பிரிச்சு மாத்தணும், கூரை மேல சாஞ்சு நிக்கிற மரத்தை வெட்ட அனுமதி வாங்கணும், நகராட்சி வரி கட்டணும், ஈபி பாக்கணும்னு எல்லாத்துக்கும் சேத்து அவரு அப்பாவுக்கே பவர் அனுப்புறேன்னு சொல்றாரு. அந்தப் பவரை அப்பா வாங்கிட்டு, அப்பா எனக்கு எழுதுற பவரை வச்சு நான் அதையும் பாத்துக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


கோத்தகிரி ரிட்டயர்டு:

அம்மிணி, அப்பா நல்லபடியா எந்திரிச்சு வரட்டும். நான் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன், பவர் பத்திரம் நிறைய வாசிச்சிருக்கேன். அந்த ரெடிமேட் தாளை மொதல்ல ஓரமா வைங்க.

ஒருத்தர் பேர்ல நடக்கற கடைன்னா சட்டத்துக்கு கடை வேற, ஆள் வேற இல்லீங்க. கடைக்கு வாங்கின கடனுக்கு வீடும் பதில் சொல்லணும். அதனால "எல்லாம் செய்ய"ன்னு பவர் குடுத்தா அது கடை ஷட்டரோட நிக்காது, நீங்க குடியிருக்கற வீடு வரைக்கும் போகும். பவர் ஏஜென்ட், அதாவது பவர் வாங்கினவர், அதிகாரத்துக்கு உட்பட்டு போடற கையெழுத்து அப்பாவே போட்ட மாதிரி அவரைக் கட்டும், 1872 ஒப்பந்தச் சட்டம் 226-வது பிரிவு சொல்றது அதைத்தான். பொண்ணை நம்பறதா வேண்டாமாங்கறது இங்க பேச்சே இல்லை. பத்திரத்தை கையில வாங்கிப் பாக்கற கடைக்காரருக்கும் பேங்குக்கும் அதுல எழுதினது மட்டும்தான் தெரியும், உங்க வீட்டு நம்பிக்கை தெரியாது.

ஆகவே தனி அதிகாரப் பத்திரம் எழுதுங்க, என்னென்ன வேலைங்கறதை ஒவ்வொண்ணா பேர் சொல்லி எழுதுங்க. விற்க, அடமானம், தானம், செட்டில்மெண்ட், கடன் வாங்க, ஜாமீன் நிக்க, இந்த வார்த்தை ஒண்ணுகூட உள்ள வரக்கூடாது. வராததோட நிறுத்தாம, இந்த அதிகாரம் இல்லைன்னு தெளிவா ஒரு வரியும் போட்டுருங்க. மாதிரிக்கு நான் எழுதறேன், பத்திரம் எழுதறவர்கிட்ட காட்டுங்க:

"எனது வீட்டுப் பழுதுபார்ப்புத் தொழில் சம்பந்தமாக மட்டும், வாடிக்கையாளர்களுக்கு மதிப்பீடும் பில்லும் கொடுக்கவும், வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும், ரூ.25,000-க்கு மேற்படாத பொருள்களை ஒரே கொள்முதலில் கடனுக்கு வாங்கவும், வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கவும், மேற்படி தொழிலின் நடப்புக் கணக்கில் காசோலையில் கையெழுத்திடவும் அதிகாரம் அளிக்கிறேன். எனது அசையாச் சொத்து எதன் மீதும், மேற்படி கொள்முதல் தவிர வேறு கடன் பெறுவதற்கும், ஜாமீன் நிற்பதற்கும் இந்த ஆவணம் அதிகாரம் அளிக்காது."

தொகை நான் சும்மா போட்டது, உங்க தொழிலுக்கு எது சரியோ அதைப் போடுங்க. ஒரு முடிவுத் தேதியும் கட்டாயம் எழுதுங்க. அப்பா ஆறு மாசத்துல திரும்பிருவாருன்னா எட்டு மாசம் போடுங்க, பத்தலைன்னா புதுசா எழுதிக்கலாம். தேதி இல்லாத பவர் பீரோவுல கெடந்து வருசம் கழிச்சு யார் கையிலயாவது வெளிய வருமுங்க.

அப்புறம், பவரே தேவையில்லாத வேலை பாதி இருக்கு. கஸ்டமர் பணம் அப்பா அக்கவுண்ட்டுக்கு வர்றதுக்கு எந்தப் பத்திரமும் வேண்டாம், கியூஆர் கோடை காட்டினா போதும். பணம் வெளிய போறதுக்குத்தான் கையெழுத்து வேணும். அதுக்கும் பேங்க்லயே மேண்டேட் லெட்டர்னு ஒரு ஃபாரம் இருக்கு, அப்பா போய் உங்க பேரையும் மாதிரிக் கையெழுத்தையும் குடுத்து, இவங்க செக்ல கையெழுத்து போடலாம்னு எழுதிக் குடுத்தா சின்னக் கடைக்கு பெரும்பாலும் அதுவே போதும். பவர் பத்திரம்தான் குடுக்கறதுன்னா ஒரிஜினலை எடுத்துட்டுப் போய் கிளையில பதிவு பண்ணணும், அவங்க சட்டப் பிரிவு பாத்து ஓகே சொல்ல நாளாகும். ஆபரேஷன் தேதிக்கு முந்தின வாரம் போய் நிக்காதீங்க. ஜிஎஸ்டிக்கும் பவர் வேண்டாம், போர்ட்டல்ல அப்பா லாகின்ல போய் உங்களை ஆதரைஸ்டு சிக்னேட்டரியா (கையெழுத்து அதிகாரம் உள்ளவரா) சேத்துரலாம், அது நான்-கோர் திருத்தம், ஆபீசர் அனுமதிக்கு காத்திருக்க வேண்டியதில்லை.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். பவர் இருக்குதுங்கறதுக்காக அப்பாவோட ஓடிபி, யூபிஐ பின் எல்லாம் நீங்க வச்சு ஓட்டறதுக்கு அது லைசென்ஸ் இல்லை. செக்லயும் பில்லுலயும் அப்பா கையெழுத்தை அப்பா மாதிரியே போடவும் கூடாது, உங்க சொந்தக் கையெழுத்தைப் போட்டு கீழே "இன்னாருக்காக, அவரது பவர் ஏஜென்ட்"னு எழுதணும்.


கொடை ஓட்டு வேலை:

தங்கச்சி, நான் கொடைக்கானல்ல இதே தொழில், மங்களூர் ஓடு, தகரம், மரச்சட்டம் மாத்துறது. உங்க கடை பவரைப் பத்தி மேல அண்ணன் சொன்னதுல நான் சேக்க ஒண்ணும் இல்ல. அந்த சிங்கப்பூர் ஓனர் விசயத்துக்கு வர்றேன், அதுலதான் எனக்கு உங்களை நெனச்சு பயம்.

எங்க மலையிலயும் இதே கதைதான், பங்களா இங்க, ஓனர் சென்னையிலயோ வெளிநாட்டுலயோ, சாவி வாட்ச்மேன்கிட்ட, "நீங்களே எல்லாம் பாத்துக்கங்க, பவர் தர்றேன்"னு சொல்லுவாங்க. கேக்க பெருமையாத்தான் இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, கூரையை மாத்தணுமா ஒட்டுப் போட்டா போதுமான்னு முடிவு பண்றது ஓனர். எஸ்டிமேட் குடுக்குறது நீங்க. பில்லை சரி பாத்து ஓகே சொல்றது ஓனர். பணம் வாங்குறது நீங்க. ஓனரோட பவர் உங்க கையில வந்துட்டா இந்த நாலும் ஒரே ஆளு. உங்க பில்லை நீங்களே பாஸ் பண்றீங்க. ஏஜென்ட்டா இருக்குறவரு ஓனருக்கு முக்கியமான விவரத்தைச் சொல்லி சம்மதம் வாங்காம தன்னோடவே வியாபாரம் பண்ணிக்கிட்டா, விவரத்தை வேணும்னே மறைச்சிருந்தாலோ ஓனருக்கு அதுல பாதகம்னாலோ ஓனர் அதை மறுக்கலாம்னு ஒப்பந்தச் சட்டம் 215-ல இருக்கு, லாபத்தைத் திருப்பிக் கேக்கலாம்னு 216-ல இருக்கு. நீங்க நேர்மையாத்தான் வேலை செஞ்சிருப்பீங்க, ஆனா ரெண்டு வருசம் கழிச்சு ஓனரோட மகன் வந்து "ஓட்டைத் தாங்குற ரீப்பர் கட்டை எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு எதுக்கு மாத்துனீங்க"ன்னு கேட்டா கையில காட்ட என்ன இருக்கும்?

இங்க பெருமாள்மலைப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு காண்ட்ராக்டருக்கு அதுதான் நடந்துச்சு. பிரிச்சுப் பாத்தப்ப சட்டம் எல்லாம் உள்ளுக்குள்ள மக்கி மாவா இருந்துச்சு, நானே பாத்தேன், விரல வச்சா உள்ள போகுது. மழை வந்துரும்னு உடனே மாத்திட்டாரு, பவர்தான் இருக்கேன்னு ஓனர்கிட்ட கேக்கல. பழைய கட்டையை விறகுக்கு குடுத்துட்டாரு, போட்டோ இல்ல. பில்லு ரெண்டு மடங்கு ஆயிருச்சுன்னு ஓனர் வீட்டுல இருந்து வக்கீல் நோட்டீஸ். பவர் இல்லாம வெறும் காண்ட்ராக்டரா இருந்திருந்தா அவரு போன் பண்ணி, வீடியோ காட்டி, சரின்னு ஒரு வாட்ஸ்அப் வாங்கிட்டுத்தான் கைய வச்சிருப்பாரு.

அதனால வேலைக்கு ஒரு வேலை ஒப்பந்தம் தனியா போடுங்க. எந்தக் கூரை, என்ன ஓடு, எத்தனை சதுரம், தொகை எவ்வளவு, கூடுதல் வேலை வந்தா எழுத்துல சம்மதம் வாங்கணும்னு ஒரு வரி. வரி கட்ட, ஈபி கட்ட பவரே வேண்டாம், ரெண்டும் ஆன்லைன்ல அவரு சிங்கப்பூர்ல இருந்தே கட்டிக்கலாம். மரம் வேற விசயம். மலைப்பகுதியில மரம் வெட்ட 1955-ல வந்த மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, கமிட்டி அனுமதி இல்லாம கோடாலி வைக்கக்கூடாது, விண்ணப்பம் ஓனர் பேர்ல போகணும். அதுக்கு யாராவது இங்க ஓனர் சார்பா நின்னுதான் ஆகணும்னா, அது உங்க கடையா இல்லாம அவரோட சொந்தக்காரரோ அவரோட வக்கீலோ இருக்கட்டும். அனுமதி விண்ணப்பத்துல ஓனர் சார்பா கையெழுத்து போட்டா, கூடுதலா ஒரு மரம் போச்சுன்னாலும் தடுப்புச்சுவருக்கு அனுமதி இல்லாம ஜேசிபி இறங்குச்சுன்னாலும் மொதல்ல உங்களைத்தான் கூப்புடுவாங்க. நீலகிரியில ஜேசிபிக்கு கலெக்டர் ஆபீஸ் எவ்வளவு கெடுபிடின்னு உங்களுக்கே தெரியும்.


ஊட்டி வக்கீல் ஆபீஸ்:

நான் ஊட்டியில ஒரு வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். ரெண்டு மூணு கேள்வி விட்டுப் போயிருக்கு, அதை மட்டும் சொல்றேன் சிஸ்டர்.

சிங்கப்பூர் பவரை அப்பா வழியா நீங்க பயன்படுத்த முடியாது. ஓனர் அப்பாவை நம்பிக் குடுத்த வேலையை அப்பா இன்னொருத்தருக்கு கை மாத்திவிட முடியாதுன்னுதான் பொது விதி (அதே ஒப்பந்தச் சட்டம் 190-வது பிரிவு), ஓனரோட பத்திரத்துலயே "மாற்று ஏஜென்ட் நியமிக்கலாம்"னு எழுதியிருந்தா வேற விசயம். அப்படி எழுதி வாங்கறதை விட ஓனர் நேரடியா யாருக்கோ அவங்க பேருக்கே எழுதறது சுத்தமா இருக்கும். வெளிநாட்டுல எழுதற பவரை அங்க இந்தியத் தூதரகத்துலயோ நோட்டரி முன்னாடியோ கையெழுத்து போடணும், இங்க வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டி மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல சான்று வாங்கணும், இந்த 3 மாசத்தை நிறைய பேர் விட்டுடறாங்க.

அப்பா உங்களுக்கு எழுதற பவர்ல வீடு, நிலம் எதுவும் இல்லைன்னா முத்திரைத்தாள்ல எழுதி நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்டா பொதுவா போதும். அசையாச் சொத்து மேல அதிகாரம் குடுக்கற ஒரு வரி உள்ள வந்தாலும் தமிழ்நாட்டுல சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணியாகணும், 2012 திருத்தத்துல கட்டாயம் ஆக்கிட்டாங்க. பதிவுக் கட்டணம் அடிக்கடி மாறுது, பழைய ஆள் சொல்ற தொகையை நம்பாம பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் வெப்சைட்ல பாத்துக்கங்க. சில பேர் கிரயப் பத்திரம் இல்லாம பவரை வச்சே வீட்டை வித்துடலாம்னு சொல்லுவாங்க, பவர் குடுத்தா மட்டும் சொத்து கை மாறாதுன்னு 2011-ல சூரஜ் லேம்ப் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

சித்தப்பா கேட்டதுக்கு. ரெண்டு பேர் பேரைப் போட்டா "இருவரும் சேர்ந்து"ன்னா ரெண்டு கையெழுத்தும் வேணும், "சேர்ந்தோ தனித்தோ"ன்னா யாராவது ஒருத்தர் போட்டா போதும். இதை எழுதாம விட்டா பேங்க் கவுண்டர்லயே தகராறு ஆரம்பிக்கும். சைட்ல நின்னு வேலை வாங்க பவர் எதுக்கு, மேஸ்திரிக்கு இருக்கா? சித்தப்பா சைட்டைப் பாக்கட்டும், கையெழுத்து உங்ககிட்ட இருக்கட்டும்னு அப்பா வாயாலயே சொல்லிட்டா வருத்தம் இருக்காது.

இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல ஆனா ஆபரேஷன்ங்கறதால சொல்லித்தான் ஆகணும். பவர் குடுத்தவர் இறந்துட்டாலோ மனநிலை தவறிட்டாலோ பவர் அங்கயே முடிஞ்சுது, 201-வது பிரிவு. அமெரிக்காவுல இருக்கற மாதிரி நினைவு போன பிறகும் செல்லற பவர் நம்ம ஊர் சட்டத்துல இல்லை. அதனால "எதாவது ஆச்சுன்னா பவர் இருக்கு"ன்னு யாரும் நினைக்காதீங்க, அதுக்கு அப்புறம் அந்தப் பவரை வச்சு ஒரு செக் எடுத்தாலும் வாரிசுங்க கேள்வி கேக்கலாம். கரண்ட் அக்கவுண்ட்டுக்கு நாமினி போட்டிருக்கான்னு இப்பவே பாருங்க, ஒருத்தர் பேர்ல இருக்கற கடைக் கணக்குக்கும் நாமினி போடலாம். அதே நேரம் பாதியில நிக்கிற வேலையைப் பாதுகாக்கற கடமை ஏஜென்ட்டுக்கு உண்டு (209-வது பிரிவு), பிரிச்ச கூரையை தார்ப்பாய் போட்டு மூடறதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேட்டு நிக்க வேண்டாம்.

கையெழுத்தை அப்பா குன்னூர்ல இருக்கும்போதே வாங்கிடுங்க. ஆபரேஷன் முடிஞ்சு மருந்து மயக்கத்துல இருக்கறப்ப ஆஸ்பத்திரி கட்டில்ல வச்சு வாங்கற கையெழுத்தை பின்னாடி யார் வேணாலும் இழுக்கலாம்.


அருவங்காட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேல இருக்கறதை அப்பாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன், வீட்டு விசயம் கேட்டதும் அந்த ரெடிமேட் பத்திரம் வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு. நாளைக்கு பேங்க்ல மேண்டேட் ஃபாரம் கேக்கப் போறோம், நாமினியும் பாக்கறோம். சிங்கப்பூர் சாருக்கு ஒப்பந்தம் மட்டும் அனுப்பறேன்னு மெசேஜ் பண்ணிட்டேன், அவருக்கு கோயம்புத்தூர்ல ஒரு மச்சான் இருக்காராம், மரத்துக்கு அவரு வருவாராம். ஒரு சந்தேகம் மட்டும், அப்பா திரும்பி வந்ததும் தேதி முடியறதுக்கு முன்னாடியே பவரை நிறுத்தணும்னா கிழிச்சுப் போட்டா போதுமா?


ஊட்டி வக்கீல் ஆபீஸ்:

கிழிச்சா போதாது சிஸ்டர். அப்பா ரத்துன்னு எழுதி கையெழுத்து போடணும், பதிவு பண்ண பவரா இருந்தா ரத்தும் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவாகணும். அதை விட முக்கியம், தகவல் போய்ச் சேரணும். ரத்து பண்ணது வெளி ஆளுக்கு தெரியவரும் வரைக்கும் அவங்களைப் பொறுத்தவரை அது செல்லும் (208-வது பிரிவு). அதனால பேங்க், ஹார்டுவேர் கடை, தகரம் வாங்கற கடை, நடப்புல இருக்கற கஸ்டமர் எல்லாருக்கும் எழுத்துல ஒரு லெட்டர், வாங்கிக்கிட்டதுக்கு தேதியோட கையெழுத்து. இதுக்கு வசதியா இப்பவே பவரோட நகலை யார் யாருக்கு குடுக்கறீங்கன்னு கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதிட்டே வாங்க.


கோத்தகிரி ரிட்டயர்டு:

கூடவே, எழுதாம மிச்சம் இருக்கற செக் புக்கை அப்பா கையில திருப்பிக் குடுத்துருங்க அம்மிணி. மேண்டேட்டையும் தனியா ரத்து பண்ணணும், பவரை ரத்து பண்ணிட்டா அதுவும் தானா போயிரும்னு விட்டுராதீங்க. அந்த மாசங்கள்ல நீங்க போட்ட செக், வாங்கின சரக்கு, குடுத்த கூலி எல்லாம் வாரா வாரம் போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டே இருங்க, கேட்டா கணக்கு காட்டறது ஏஜென்ட்டோட கடமை, படுத்திருக்கற மனுசனுக்கும் கடை ஓடறது கண்ணுல பட்டுட்டே இருக்கும்.